யாருடைய வயிற்றுக் குற்றமும் அல்ல



சென்ற மாதம் கற்பிட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கர்ப்பிணித் தாய்மாருக்கான கூட்டம் ஒன்றை நடத்தினோம். கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஓர் உம்மா மட்டும் போகாமல் வாசலில் நின்றார். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர். கையில் ஒரு பொலித்தீன் பை.

"மகள், உங்களோட தனிய ஒரு கதை கதைக்கணும்" என்றார்.

இருவரும் வேப்ப மரத்தடியில் அமர்ந்தோம். அவர் சொன்னதை அவருடைய சம்மதத்துடன்தான் இங்கு எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். இந்தப் பக்கத்தை வாசிக்கும் பலருக்கு அது தங்கள் வீட்டுக் கதையாகவும் இருக்கலாம்.

அவர் மன்னார்ப் பக்கத்தவர். 1989 இல் அவருக்கு முதல் ஆண் பிள்ளை பிறந்தது. பிறக்கும்போது நல்ல பிள்ளை. மூன்றாம் மாதம் ஆகியும் தலை நிற்கவில்லை. தூக்கினால் துணி மாதிரித் தொய்ந்தது. பால் குடிக்கும்போது நெற்றியெல்லாம் வியர்த்து, பாதியில் களைத்துத் தூங்கிவிடும். ஏழாம் மாதம் மூச்சுத்திணறி மௌத்தாகிவிட்டது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து எல்லா முஸ்லிம் குடும்பங்களையும் போல அவர்களும் வெளியேற்றப்பட்டார்கள். புத்தளத்துக்கு வந்து ஓலைக் கொட்டிலில் இருந்தபோது, 1993 இல் இன்னோர் ஆண் பிள்ளை. அதே தொய்வு, அதே வியர்வை, அதே மூச்சு. ஆறாம் மாதம் அதுவும் போய்விட்டது.

"என்ட மாமி சொன்னா, இவள்ட வயித்துல ஆம்பிளப் பிள்ளை தங்காது எண்டு. மகனுக்கு வேற கலியாணமும் பேசினா. அவர் மாட்டன் எண்டுட்டார். ஆனா முப்பது வருசமா ஒவ்வொரு கலியாண வீட்டிலயும் அந்தக் கதை எனக்குப் பின்னால வரும். மத்த ஆக்கள் வெளியேத்தின அதிர்ச்சியில எண்டு சொன்னாங்க. முதல் பிள்ளை அதுக்கு முந்தியே போயிட்டுதே மகள்!"

பின்னர் 1998 இல் அவருக்கு ஒரு மகள் பிறந்தாள். சுகமாக வளர்ந்து, படித்து, இப்போது ஒரு முன்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாள். அவளைத் தம்பியின் மகனுக்குக் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் இருவருக்கும் விருப்பம். உம்மாவுக்குத்தான் நித்திரை இல்லை.

அவர் பையைத் திறந்து மஞ்சளாகிப் போன ஓர் அட்டையை எடுத்தார். 1993 இல் பிள்ளையை வைத்தியசாலையிலிருந்து அனுப்பும்போது கொடுத்த டயக்னோசிஸ் காட். முகாமிலும், கொட்டில் ஒழுகியபோதும், பின்னர் கல்வீடு கட்டியபோதும் அதை அவர் விடாமல் வைத்திருக்கிறார். இருதயம் பெருத்திருக்கிறது, தசைகள் தொய்ந்திருக்கின்றன என்று அதில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே ஒரு நோயின் பெயரும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் இருந்தன. கிளைக்கோஜன் சேமிப்பு நோய்?

அந்தக் கேள்விக்குறியை யாரும் அவருக்கு விளங்கப்படுத்தவில்லை. அன்றைக்கு அந்த வைத்தியரிடம் அதை உறுதிப்படுத்தும் வசதியும் இருந்திருக்காது. அந்த அட்டையை நான் ஒரு பிள்ளை வைத்திய நிபுணரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் விளங்கப்படுத்தியதையும் பின்னர் நான் தேடி வாசித்ததையும் சேர்த்து உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

திறப்பு இல்லாத களஞ்சியம்

நாம் சாப்பிடும் சோறும் பாணும் உடலில் சீனியாக மாறுகின்றன. உடனே தேவைப்படாத சீனியை உடல் ஈரலிலும் தசைகளிலும் சேமித்து வைக்கிறது. அந்தச் சேமிப்பின் பெயர்தான் கிளைக்கோஜன். தேவைப்படும்போது அதை உடைத்து எடுத்துப் பாவிக்கும். இப்படி உடைப்பதற்கு நொதியங்கள் எனப்படும் பொருட்கள் வேண்டும்.

நிவாரணம் வாங்கிய காலத்தை நினைத்துப் பாருங்கள். முகாமின் களஞ்சிய அறைக்குள் வாராவாரம் அரிசி மூடைகளை இறக்குகிறார்கள். அந்த அறையின் திறப்பு தொலைந்துவிட்டது. ஜன்னலால் மூடைகளை உள்ளே போடலாம், வெளியே எடுக்க முடியாது. என்ன நடக்கும்? மூடைக்கு மேல் மூடை ஏறி, ஒருநாள் சுவர் வெடிக்கும். நம் உடலின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் இப்படிச் சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றன. அவற்றுக்குள் வரும் கிளைக்கோஜனை உடைக்கும் திறப்பு ஒரு குறிப்பிட்ட நொதியம். சில பிள்ளைகள் அந்த நொதியம் இல்லாமலே பிறக்கிறார்கள். அவர்களுடைய தசைகளிலும் இருதயத்திலும் கிளைக்கோஜன் நிறைந்து, தசை பலமிழக்கிறது. இருதயச் சுவர் தடித்துப் பெருக்கிறது. மூச்சுக்குரிய தசைகளும் தளர்கின்றன.

இந்த நோயின் பெயர் பொம்பே நோய். 1932 இல் நெதர்லாந்தில் பொம்பே என்ற வைத்தியர், ஏழு மாதத்தில் இறந்துபோன ஒரு குழந்தையின் இருதயம் பெருத்திருந்ததைக் கண்டு முதன்முதலில் இதை விபரித்தார். அவரும் போர் பறித்த ஒரு மனிதர்தான். நாஜி ஆக்கிரமிப்புக்கு எதிராக இயங்கியதற்காக 1945 ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்டார். எந்த நொதியம் குறைகிறது என்பதை 1963 இல் பெல்ஜிய நாட்டு விஞ்ஞானி ஹேர்ஸ் கண்டுபிடித்தார்.

சீனியோடு சம்பந்தம் என்றதும் "இது சீனி வருத்தமா?" என்று கேட்பீர்கள். இல்லை. இது நீரிழிவு அல்ல. இந்தப் பிள்ளைகளின் இரத்தத்தில் சீனி வழமைபோலவே இருக்கும். கர்ப்பகாலத்தில் தாய் இனிப்புச் சாப்பிட்டதாலோ, பயந்ததாலோ, பாரம் தூக்கியதாலோ இது வருவதில்லை. தாய்ப்பாலும் காரணமல்ல. கண்ணூறும் செய்வினையும் காரணமல்ல. இது தொற்றும் நோயும் அல்ல.

பெரியவர்களுக்கும் வரும்

நொதியம் முற்றாக இல்லாவிட்டால் முதல் மாதங்களிலேயே நோய் தெரியும். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான பிள்ளைகள் ஒரு வயதைத் தாண்டுவதில்லை. நொதியம் கொஞ்சம் இருந்தால் நோய் மெதுவாக வரும். பாடசாலை வயதிலோ, நாற்பது வயதிலோகூட வெளிப்படலாம். அவர்களுக்குப் பெரும்பாலும் இருதயம் பாதிக்கப்படுவதில்லை. தொடையும் இடுப்பும் பலமிழக்கும். தரையிலிருந்து எழும்பக் கையை ஊன்ற வேண்டும், படி ஏற முடியாது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும், காலையில் தலையிடியோடு எழும்புவார்கள். இடுப்பு வலி, முழங்கால் வலி உள்ள எல்லோருக்கும் இந்த நோய் என்று யாரும் பயந்துவிட வேண்டாம். இது அரிதான நோய். ஏறக்குறைய 40,000 பேருக்கு ஒருவர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

உம்மாவும் வாப்பாவும்

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். இந்த நோய் எப்படி வருகிறது?

நம் உடலின் ஒவ்வொரு பண்புக்கும் இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று தாயிடமிருந்து, மற்றது தகப்பனிடமிருந்து. அவற்றை மரபணு என்கிறோம். அந்த நொதியத்துக்குரிய மரபணுவில் ஒரு பிரதி பழுதாக இருந்தாலும் மற்றது நல்லதாக இருந்தால் ஆளுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு விளக்கில் ஒன்று அணைந்தாலும் மற்றதன் வெளிச்சத்தில் வீட்டு வேலை நடப்பது போல. அப்படிப்பட்டவர் நோயாளி அல்ல, பழுதைச் சுமப்பவர். ஆயுள் முழுக்கச் சுகமாக இருப்பார். தான் சுமப்பது அவருக்கே தெரியாது.

தாயும் சுமப்பவர், தகப்பனும் சுமப்பவர் என்றால்தான் பிரச்சினை. இருவரும் பழுதான பிரதியையே கொடுத்தால் பிள்ளைக்கு இரண்டு விளக்கும் அணைந்துவிடும். குருநாகல் வைத்தியசாலைக்குத் தலசீமியா பிள்ளைகளைக் கூட்டிப்போகும் தாய்மார் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். தலசீமியாவும் இதே வழியில்தான் வருகிறது.

ஆகவே, சகோதரிகளே, இதை நன்றாக மனதில் வையுங்கள். தாய் மட்டும் கொடுத்து இந்த நோய் வருவதில்லை. தகப்பனிடமிருந்தும் பாதி வந்தே ஆக வேண்டும். "அவள்ட வயிறு" என்று சொல்வதற்கு இதில் இடமே இல்லை. ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற வித்தியாசமும் இல்லை. இருவருக்கும் ஒரேயளவு வாய்ப்பு. அந்த உம்மாவின் இரண்டு ஆண் பிள்ளைகளும் போனதும் மகள் தப்பியதும் தற்செயல்தான்.

நாலில் ஒன்று என்றால் என்ன?

இருவரும் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. நோய் இல்லாமல் சுமப்பவராக மட்டும் இருக்கும் வாய்ப்பு நாலில் இரண்டு. பழுதே இல்லாமல் பிறக்கும் வாய்ப்பு நாலில் ஒன்று.

இதை நம்மவர்கள் பிழையாக விளங்கிக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். "ஒண்டு போயிட்டுது, இனி மூண்டும் தப்பும்" என்பார்கள். அப்படியல்ல. இரண்டு காசுகளைச் சுண்டிப் பாருங்கள். இரண்டும் தலையாக விழும் வாய்ப்பு நாலில் ஒன்று. ஒருமுறை இரண்டும் தலையாக விழுந்துவிட்டது என்பதற்காக அடுத்தமுறை விழாமல் போகாது. காசுக்கு ஞாபகம் இல்லை. ஒவ்வொரு கர்ப்பமும் புதிதாகச் சுண்டுவதுதான். அதனால் சில வீடுகளில் அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகள் போகும். சில வீடுகளில் ஐந்து பிள்ளைகளும் சுகமாக இருக்கும்.

சொந்தத்தில் முடிப்பது

மச்சான் மச்சாள் கலியாணம் நம்மிடையே பழக்கம். தமிழ்ச் சகோதரிகளின் வீடுகளிலும் மாமன் மகள், அத்தை மகன் கலியாணம் உண்டு. இடம்பெயர்ந்த பிறகு, யார் எவர் என்று தெரியாத ஊரில் பெண்ணைக் கொடுக்கப் பயந்து, பழைய ஊர்ச் சொந்தத்துக்குள்ளேயே முடித்த குடும்பங்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். சீதனப் பிரச்சினையும் அங்கே குறைவு. அதன் நியாயம் எனக்கு விளங்குகிறது. சொந்தத்தில் முடித்தவர்களைக் குற்றவாளிகளாகப் பார்ப்பது சரியல்ல.

உண்மை என்னவென்றால், சொந்தத்தில் முடித்த பெரும்பாலானவர்களின் பிள்ளைகள் சுகமாகவே பிறக்கிறார்கள். எந்தத் தம்பதிக்கும் கடுமையான பிறவிக் குறைபாடுள்ள பிள்ளை பிறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 2 அல்லது 3. நேர் மச்சான் மச்சாளுக்கு அது நூற்றுக்கு 4 முதல் 6 வரை போகிறது. ஆனால் குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு பரம்பரை நோய் இருந்தால் கணக்கு மாறிவிடும். ஒரே பாட்டனிடமிருந்து வந்த ஒரே பழுதை இருவரும் சுமக்கக்கூடும்.

அந்த உம்மாவின் மகளின் கணக்கை வைத்தியர் எனக்குத் தாளில் போட்டுக் காட்டினார். இறந்த பிள்ளைகளுக்கு இருந்தது இந்த நோய்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உம்மா நிச்சயம் சுமப்பவர். சுகமாக இருக்கும் மகள் சுமப்பவராக இருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. உம்மாவின் தம்பிக்கு இரண்டில் ஒன்று. தம்பி மகனுக்கு நாலில் ஒன்று. இருவரும் சுமந்தால் பிள்ளைக்கு நோய் வருவது நாலில் ஒன்று. எல்லாவற்றையும் பெருக்கினால் 24 இல் ஒன்று. அதே மகள் சொந்தமில்லாத ஒருவரை முடித்தால் ஏறக்குறைய 600 இல் ஒன்று.

24 இல் ஒன்று என்பது சின்ன வாய்ப்பும் அல்ல, நிச்சயமும் அல்ல. 24 இல் 23 முறை பிள்ளைக்கு இந்த நோய் இராது. எந்தப் பக்கத்தைப் பார்த்து முடிவெடுப்பது என்பது அந்த இரண்டு பிள்ளைகளின் உரிமை. அதைத் தெரியாமல் முடிவெடுப்பதுதான் ஆபத்து.

வேறு நாடுகளில் இரண்டு வீடுகள்

இந்தியாவில் பொம்பே நோய் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது பெங்களூர் நகரத்துப் பிள்ளையான நிதி ஷிரோலுக்கு. பல வருடங்கள் பல வைத்தியர்களிடம் அலைந்த பிறகு 2007 இல்தான் நோயின் பெயர் தெரிந்தது. அவளுடைய மருந்து மருந்து நிறுவனத்தின் இலவச உதவித் திட்டமொன்றின் மூலம் கிடைத்தது. சுவாச இயந்திரத்தின் துணையோடு அவள் பாடசாலை போனாள். பின்னர் நினைவிழந்த நிலையில் பல வருடங்கள் வீட்டிலேயே பராமரிக்கப்பட்டு, 2023 நவம்பரில் 24 வயதில் காலமானாள். அவளுடைய தகப்பன் பிரசன்ன ஷிரோல் தன் மகளோடு நின்றுவிடவில்லை. அரிய நோயுள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்காக இந்திய அரிய நோய்கள் அமைப்பு என்ற ஸ்தாபனத்தை மற்றவர்களோடு சேர்ந்து ஆரம்பித்தார். இந்திய அரசு 2021 இல் அரிய நோய்களுக்கான கொள்கையொன்றை வெளியிட்டது. 2022 இல் ஒரு நோயாளிக்கு 50 இலட்சம் இந்திய ரூபாய் வரை உதவித்தொகை உயர்த்தப்பட்டது. பொம்பே நோயும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பெற்றோர் ஒன்றுசேர்ந்து தொடர்ந்து கேட்டதற்கு இதில் பெரிய பங்கு உண்டு.

இரண்டாவது வீடு கனடாவில். பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பம் ஒன்று இந்த நோயால் இரண்டு பெண் பிள்ளைகளை இழந்திருந்தது. நம் உம்மாவைப் போலவே இரண்டு. பின்னர் ஒரு கர்ப்பத்தில் பிள்ளைக்கும் நோய் இருப்பது வயிற்றில் இருக்கும்போதே சோதனையில் தெரிந்தது. ஒட்டாவா நகர வைத்தியர்கள் அமெரிக்க வைத்தியர்களோடு சேர்ந்து, கர்ப்பத்தின் 24 ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்று ஆறு தடவை தொப்புள்கொடி வழியாகவே பிள்ளைக்கு மருந்து செலுத்தினார்கள். 2021 ஜூனில் பிறந்த அய்லா பஷீர் என்ற அந்தப் பிள்ளையின் இருதயம் வழமையான அளவில் இருந்தது. அவள் வழமைபோல நடை பழகினாள் என்று 2022 நவம்பரில் மருத்துவ சஞ்சிகையில் எழுதினார்கள். பிறந்த பின்னும் அவளுக்கு மருந்து தொடர வேண்டும். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டுக்கு நோயின் பெயர் தெரிந்திருந்தது. அதனால்தான் அய்லாவுக்கு வழி கிடைத்தது.

மருந்து உண்டா?

உண்டு. குறையும் நொதியத்தையே செய்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாளத்தின் வழியாக ஏற்றுகிறார்கள். 1999 இல் நெதர்லாந்தில் முயல்களின் பாலிலிருந்து எடுத்த நொதியத்தை நான்கு குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இன்று ஆய்வுகூடத்தில் வளர்க்கும் கலங்களிலிருந்து அதைச் செய்கிறார்கள். 2006 இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. நோயை முற்றாக மாற்றும் மருந்து அல்ல இது. ஆயுள் முழுக்க ஏற்ற வேண்டும். உடல் நிறைக்கு ஏற்ப அளவு கூடுவதால் செலவும் கூடும். எந்தச் சாதாரண குடும்பமும் தாங்க முடியாத விலை.

விலையைக் கேட்டு மனம் உடைந்துவிடாதீர்கள். மருந்து கைக்கு எட்டாவிட்டாலும் நோயின் பெயர் தெரிவதில் பலன் உண்டு. மூச்சுக்கு உதவி, உணவூட்டும் முறை, உடற்பயிற்சி வைத்தியம், சளிக்காய்ச்சலை உடனே கவனிப்பது ஆகியவை பிள்ளையின் வேதனையைக் குறைக்கும். அடுத்த பிள்ளையைப் பற்றி யோசிக்க வழி கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் ஒருவரையொருவர் குற்றம் சொல்வது நிற்கும்.

தாய்மார் கவனிக்க வேண்டியவை

பிள்ளையை அக்குளில் பிடித்துத் தூக்கும்போது கையிலிருந்து வழுகுவது போலத் தொய்வது. நாலைந்து மாதமாகியும் தலை நிற்காதது. படுக்கையில் கால்களைத் தவளை போல விரித்தபடி அசையாமல் கிடப்பது. பால் குடிக்கும்போது வியர்த்துக் களைப்பது. அழுகைச் சத்தம் மெலிந்திருப்பது. நாக்குப் பெருத்திருப்பது. வேகமாக மூச்செடுப்பது. அடிக்கடி நெஞ்சுச்சளி வருவது. நிறை ஏறாதது.

இவற்றில் ஒன்றிரண்டு வேறு பல காரணங்களாலும் வரலாம். அவற்றில் பல இலகுவாக மாற்றக்கூடியவை. ஆனால் தொய்வும் களைப்பும் சேர்ந்திருந்தால் "பொறுத்துப் பார்ப்பம்" என்று இருக்க வேண்டாம். உங்கள் மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லி, புத்தளம் அல்லது சிலாபம் வைத்தியசாலையின் பிள்ளை வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள். நெஞ்சு எக்ஸ்றே, ஈ.சி.ஜி., எக்கோ ஆகியவற்றில் இருதயம் பெருத்திருப்பது தெரியும். நோயை உறுதிப்படுத்த நொதியத்தை அளக்கும் இரத்தச் சோதனையும் மரபணுச் சோதனையும் உண்டு. தேவையென்றால் கொழும்பு ரிஜ்வே சீமாட்டி சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். பிள்ளை பிறந்ததும் குதியில் குத்தி எடுக்கும் இரத்தத்துளி நம் நாட்டில் தைரொயிட் குறைபாட்டைப் பார்ப்பதற்கானது. "குதியில குத்திப் பாத்தாங்க, ஒண்டும் இல்ல எண்டாங்க" என்று நீங்களாக முடிவுக்கு வர வேண்டாம்.

கலியாணம் பேசும் பிள்ளைகளுக்கும் வழியிருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் 1983 முதல் மனித மரபியல் பிரிவு இயங்குகிறது. புத்தளத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 130 கிலோமீற்றர். ஒருநாள் கூலியும் பஸ் செலவும் போகும், உண்மைதான். ஆனால் ஆயுள் முழுக்கப் பயந்துகொண்டிருப்பதைவிட அது மலிவு. போவதற்கு முன் உங்கள் வைத்தியரிடம் கடிதம் வாங்குங்கள்.

வயிற்றில் இருக்கும்போதே சோதிக்கும் வழியும் உலகில் உண்டு. நம் நாட்டுச் சட்டத்தின்படி தாயின் உயிரைக் காப்பாற்றவன்றி வேறு காரணத்துக்காகக் கர்ப்பத்தைக் கலைக்க முடியாது. ஆகவே இங்கே அந்தச் சோதனை, பிள்ளை பிறக்கும்போதே ஆயத்தமாக இருப்பதற்கே உதவும். இதையும் தம்பதியினர் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

ஒரு பொலித்தீன் பையின் பெறுமதி

இடம்பெயர்ந்த நாம் காணி உறுதியை, பிறப்புச் சான்றிதழை, கூப்பன் அட்டையைப் பத்திரமாக வைக்கப் பழகிவிட்டோம். இறந்த பிள்ளையின் வைத்தியசாலைத் துண்டை மட்டும் மனவேதனையில் எரித்துவிடுகிறோம், அல்லது கரையான் தின்ன விட்டுவிடுகிறோம். தயவுசெய்து அதையும் வையுங்கள். பிள்ளை எத்தனையாம் மாதத்தில் என்ன செய்தது, எப்போது இறந்தது, குடும்பத்தில் வேறு யாருக்கு இப்படி நடந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். கடதாசி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், உங்கள் ஞாபகமே முதல் சான்று. முதல் பிள்ளையின் துண்டுகள் மன்னாரில் வீட்டோடு போய்விட்டன. ஆனால் அந்தப் பிள்ளையின் வியர்வையைக்கூட உம்மா மறக்கவில்லை. இரண்டு பிள்ளைகளின் கதையும் ஒரே மாதிரி இருந்ததால்தான் வைத்தியர் பரம்பரை நோய் என்று சந்தேகப்பட்டார்.

போன கிழமை மீண்டும் அந்த வீட்டுக்குப் போனேன். மகளையும் மச்சானையும் ஒன்றாக இருத்திக் கதைத்தோம். இருவரும் கொழும்புக்குப் போகச் சம்மதித்திருக்கிறார்கள். கடிதம் கிடைத்திருக்கிறது. அந்த அட்டையையும் கொண்டுபோகிறார்கள். முப்பது வருடத்துக்கு முந்திய நோயை இனி நூறு வீதம் உறுதியாகச் சொல்ல முடியாமலும் போகலாம் என்று வைத்தியர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். முடிவு எப்படி வந்தாலும் அதைத் தாங்களே எடுப்பதாக மகள் சொன்னாள். வீட்டில் யாரும் எதிர்க்கவில்லை.

கிளம்பும்போது உம்மா படலை வரை வந்தார்.

"அப்ப மகள், நான் அந்தப் பிள்ளைகளுக்கு ஒண்டும் செய்யல்ல, என்ன?"

"இல்லை உம்மா, உங்களால் வந்தது இல்லை. யாராலும் வந்தது இல்லை."

"இத என்ட மாமிக்குச் சொல்லணும். அவ மௌத்தாகிப் பதினைஞ்சு வருசம்" என்றார். பிறகு, "நீங்க எழுதுங்க. இன்னும் எத்தின மாமிமார் இருக்காங்க" என்றார்.

அதனால்தான் எழுதினேன். இதை வாசிக்கும் மாமிமாரே, மருமகளின் பிள்ளை போய்விட்டால் அவளை ஒரு வார்த்தை சொல்வதற்கு முன் அவளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை வைத்தியரிடம் போங்கள். பிள்ளையை இழந்த சகோதரிகளே, நீங்கள் செய்யாத குற்றத்தை இனியும் சுமக்க வேண்டாம். பையில் இருக்கும் துண்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், கிளினிக் நாளில் நாமும் உங்களோடு வருகிறோம்.

அடுத்த மாதம் சந்திப்போம்.